டபுள் 5-இல் முடிந்த உலக சாம்பியன்ஷிப்: டார்ட்ஸ் பழக வருவோருக்கு

எங்கள் கிளப்பில் புதிதாக வருபவர் கையில் முதலில் அம்பைக் கொடுப்பதில்லை, சாக்பீஸைக் கொடுக்கிறார்கள். டார்ட்ஸ் என்பது சுவரில் மாட்டிய வட்டப் பலகையில் கையால் அம்பு எறியும் ஆட்டம். தெற்கு வேல்ஸில் கேர்ஃபில்லி பக்கம், ஒரு காலத்தில் நிலக்கரி தோண்டிய பள்ளத்தாக்கில் இருக்கிறது அந்தக் கிளப். நான் அருகிலுள்ள மருத்துவமனையில் செவிலியர். இரவுப் பணி இல்லாத வியாழக்கிழமைகளில் அங்கே போய் ஓரமாக உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் அணித் தலைவர், ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி, "கணக்கு வருமா, பட்?" என்று கேட்டார். 'பட்' என்றால் கூட்டாளி. சுரங்கத்தில் கூட நின்று வேலை செய்தவரை அழைக்கிற சொல். வரும் என்றேன். அதன்பின் ஒன்றரை வருடம் கரும்பலகை அருகில் நின்று 501-இலிருந்து கழித்துக்கொண்டே இருந்தேன்.

என் எறிதல் இன்றும் சுமார்தான். ஆனால் யார் எங்கே தோற்கிறார்கள் என்பது கரும்பலகைக்குப் பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரிவதுபோல் வேறு யாருக்கும் தெரியாது. ஆட்டம் 501-இல் தொடங்குகிறது. முறைக்கு மூன்று அம்புகள். எடுத்த புள்ளிகளைக் கழித்துக்கொண்டே வந்து சரியாகப் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். கடைசி அம்பு டபுளிலோ நடுப்புள்ளியான புல்ஸ்ஐயிலோ விழ வேண்டும். பலகையைச் சுற்றி 1 முதல் 20 வரை எண்கள். டபுள் என்பது பலகையின் வெளி விளிம்பில் ஓடும் ஒல்லி வளையம், அங்கே விழுந்தால் அந்த எண் இரண்டு மடங்கு. அகலம் 8 மில்லிமீட்டர். இந்த 8 மில்லிமீட்டருக்கு முன்னால் நின்றுதான் பெரும்பாலோர் தோற்கிறார்கள். ஆகவே இந்தக் குறிப்புகளில் பாதிக்கு மேல் டபுளைப் பற்றித்தான் இருக்கும். மூன்று அம்பின் உச்சமான 180 எடுத்துக் கைதட்டு வாங்க ஆசைப்படுபவர்கள் வேறு ஆசிரியரைப் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் பலகையை மாட்டுவோம். கற்றாழை நாரை இறுக்கிச் செய்த பலகையையே வாங்குங்கள். அம்பைப் பிடுங்கியதும் துளை தானே மூடிக்கொள்ளும். நடுப்புள்ளி தரையிலிருந்து 1.73 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். நீங்கள் நிற்கும் கோட்டுக்கு 'ஓக்கி' என்று பெயர். அது பலகையின் முகத்திலிருந்து 2.37 மீட்டர். சுவரிலிருந்து அளக்காதீர்கள். பலகையின் கனம் நான்கு சென்டிமீட்டர் அளவுக்கு வரும். நான் சுவரிலிருந்து அளந்து, அதைக் கூட்ட மறந்து, ஆறு மாதம் அந்த அளவுக்குக் கிட்டத்தில் நின்று பழகிவிட்டு, கிளப்பில் எல்லா அம்பும் கீழே விழுகிறதே என்று தலையைப் பிய்த்துக்கொண்டேன். சரிபார்க்க ஒரு வழி உண்டு: நடுப்புள்ளியிலிருந்து கோடு வரை சாய்வாக நாடாவைப் பிடித்தால் 2.93 மீட்டர் வர வேண்டும். 20 உச்சியில் நிற்கட்டும். பலகையில் தண்ணீர் படவே கூடாது. எண் வளையத்தைக் கழற்றிப் பலகையை அவ்வப்போது திருப்பி வைத்தால் ஒரே இடம் தேயாது.

சுற்றிலும் ரப்பர் வளையம் ஒன்று மாட்டிவிடுங்கள். வாடகை வீட்டில் நான் அதை மிச்சம் பிடிக்கப் போய், சுவர்ப் பூச்சு அம்மைத் தழும்பு போலாகி, பூச்சு வேலைக்காரருக்குக் கொடுத்த பணத்தில் நான்கு வளையம் வாங்கியிருக்கலாம். பூச்சு வேலை என்றதும் ஜானி கிளேட்டன் நினைவுக்கு வருகிறார். கார்மார்தன்ஷையரின் பாண்டிபெரெம் ஊர்க்காரர், உள்ளூர் கவுன்சிலில் பூச்சு வேலை செய்துகொண்டே தொழில்முறை டார்ட்ஸ் ஆடியவர். 2021-இல் மட்டும் மாஸ்டர்ஸ், பிரீமியர் லீக், வேர்ல்டு கிராண்ட் பிரி என்று ஒன்றன்பின் ஒன்றாக அள்ளினார்.

அம்புக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். டங்ஸ்டன் உடல், 22 முதல் 24 கிராம் எடை போதும். டங்ஸ்டன் கனமான உலோகம் என்பதால் அம்பு ஒல்லியாக இருக்கும். மூன்றும் ஒரே இடத்தில் குத்தி நிற்க இடம் கிடைக்கும்.

வலக்கைக்காரர் என்றால் வலக்கால் முன்னே. எடை முன்காலில் இருக்கட்டும். ஆனால் பலகையை நோக்கிச் சாயச் சாய முதுகு வலிக்கும், எறிதலும் ஆடும். அம்பை இறுக்கிப் பிடிக்காதீர்கள். ஊசி போடும்போது சிரிஞ்சைப் பிடிப்போமே, அந்த அழுத்தம் போதும். முழங்கை அசையாமல், முன்கை மட்டும் பின்னால் வந்து முன்னால் போக வேண்டும். அம்பு போன பிறகும் கை நீண்டு, விரல் குறியைக் காட்டி நிற்க வேண்டும். பாதியில் கையை நிறுத்துவதுதான் புதியவர்களின் முதல் கெட்ட பழக்கம்.

இனிக் குறி. எல்லோரும் 20-ஐப் பார்த்தே எறிகிறார்கள். ஆனால் 20-இன் இரு பக்கமும் 5, 1. கை படியாதவர் அங்கே எறிந்தால் பலகையில் 26 எழுதி எழுதி எனக்குக் கை வலிக்கும். முதல் இரண்டு மாதம் இடப்பக்கம் வாருங்கள். 14-இன் அண்டை வீடுகள் 11, 9. 16-க்கு 7, 8. தவறினாலும் பட்டினி கிடக்க மாட்டீர்கள்.

இப்போது கெர்வின் பிரைஸ். எங்களுக்குப் பக்கத்து ஊரான மார்க்கத்துக்காரர். நீத், கிராஸ் கீஸ், கிளாஸ்கோ வாரியர்ஸ் அணிகளில் ரக்பி ஆடியவர். 'ஹூக்கர்' இடம், பக்கக் கோட்டிலிருந்து வரிசைக்குள் பந்தைக் குறி பார்த்து எறிவதும் ஹூக்கரின் வேலைதான். 2014-இல் தொழில்முறைப் போட்டிகளில் ஆடும் உரிமையான டூர் கார்டு பெற்று டார்ட்ஸுக்கு வந்தார். 2018 கிராண்ட் ஸ்லாம் இறுதியில் கேரி ஆண்டர்சனை 16-13 என்று வென்றபோது அவர் முகத்துக்கு எதிரே போட்ட கத்தல் பெரும் சர்ச்சையாகி, அபராதமும் விதித்தார்கள். அதன்பின் அரங்கம் அரங்கமாகக் கூச்சலிட்டு அவரை எதிர்த்தது. எங்கள் கிளப்பிலேயே அவர் விஷயத்தில் இரண்டு கட்சி உண்டு. நான் மெல்ல அவர் கட்சி.

2021 ஜனவரி 3. கொரோனாக் காலம், லண்டன் அலெக்சாண்ட்ரா பேலஸில் பார்வையாளர் ஒருவரும் இல்லை. உலக சாம்பியன்ஷிப் இறுதி, எதிரே அதே ஆண்டர்சன். 501-இலிருந்து பூஜ்யம் வரை ஒரு ஆட்டம் ஒரு லெக், மூன்று லெக் வென்றால் ஒரு செட். ஆறாவது செட்டில் பிரைஸின் சராசரி 136.64. சராசரி என்பது மூன்று அம்புக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு. அந்த செட்டில் மூன்று லெக், ஆக 1503 புள்ளி. வகுத்துப் பாருங்கள், 33 அம்புகளில் முடித்திருக்கிறார். அப்படி ஆடிய அதே மனிதர்தான் கோப்பையை முடிக்கும் டபுளில் பத்துக்கும் மேற்பட்ட அம்புகளைத் தவறவிட்டார். கை உதறுவது தொலைக்காட்சியிலேயே தெரிந்தது. கடைசியில் டபுள் 5-இல் முடித்து, செட் கணக்கில் 7-3 என்று வென்று, ஐந்து லட்சம் பவுண்டும் உலக முதலிடமும் பெற்றார்.

ஏன் டபுள் 5 என்பதில்தான் பாடம் இருக்கிறது. விரும்பி யாரும் அங்கே போவதில்லை. கைவசம் 40 இருந்தால் டபுள் 20 எறிவீர்கள். கொஞ்சம் உள்ளே விழுந்தால் ஒற்றை 20. மிச்சம் 20, அதற்கு டபுள் 10. அதிலும் உள்ளே விழுந்தால் மிச்சம் 10, டபுள் 5. அதுவும் உள்ளே என்றால் மிச்சம் 5, ஒற்றைப்படை. நேரே முடிக்க முடியாது. 32-ஐ வைத்துக்கொண்டால் கதை வேறு: டபுள் 16, பின் 8, 4, 2, 1 என்று ஐந்து படி இறங்கலாம். ஆகவே 52 மிச்சம் இருந்தால் ஒற்றை 20 எறிந்து 32 வைத்துக்கொள்ளுங்கள். 169, 168, 166, 165, 163, 162, 159 ஆகியவற்றை மூன்று அம்பில் முடிக்கவே முடியாது. 170-ஐ முடிக்கலாம், இரண்டு டிரெபிள் 20 (உள்ளே இருக்கும் ஒல்லி வளையம், அங்கே எண் மூன்று மடங்கு), ஒரு புல்ஸ்ஐ (50). இதையெல்லாம் வாய்ப்பாடு போல மனப்பாடம் செய்யுங்கள். கோட்டில் நின்று விரல் விட்டு எண்ணினால் கை ஆறிப்போகும்.

உங்கள் அம்புகள் எப்படிச் சிதறுகின்றன என்றும் பாருங்கள். ஒரு டபுளின் நீளம் ஐந்து சென்டிமீட்டருக்குச் சற்று மேல், அகலம் 8 மில்லிமீட்டர். டபுள் 20 படுத்துக் கிடக்கிறது. டபுள் 6-உம் 11-உம் நின்றுகொண்டிருக்கின்றன. அம்பு மேலும் கீழும் சிதறுபவருக்கு நிற்கும் டபுள் நல்லது. எங்கள் தலைவர் எழுபது வயதிலும் டபுள் 6-இல்தான் முடிக்கிறார்.

பயிற்சிக்கு நான் செய்வது இது. தினம் இருபது நிமிடம். முதலில் 1 முதல் 20 வரை டபுள்களை வரிசையாக ஒரு சுற்று. பிறகு டபுள் 16-க்கு முப்பது அம்பு, எத்தனை விழுந்தது என்று நோட்டில் எழுதுவேன். முதல் வாரம் முப்பதுக்கு இரண்டு. இப்போது ஏழு, நல்ல நாளில் ஒன்பது. வாரத்தில் ஒருநாள் லெக்கைத் தொடங்கவும் டபுள் வேண்டும் என்று வைத்து ஆடுங்கள். வேர்ல்டு கிராண்ட் பிரியில் இதுதான் விதி. 2020-இல் அதைப் பிரைஸ் வென்றார். அடுத்த ஆண்டு இறுதியில் கிளேட்டன் அவரையே 5-1 என்று வென்றார். டபுளை இரட்டிப்பாகக் கேட்கும் போட்டியில் அடுத்தடுத்து இரண்டு வேல்ஸ்காரர்கள்.

பதற்றத்துக்கு மருந்து என்னிடம் இல்லை. முதல் லீக் ஆட்டத்தில் டபுள் 16-க்கு எதிரே ஒன்பது அம்பு வீணடித்தேன். பின்னால் யாரோ தொண்டையைச் செருமியது இன்னும் காதில் இருக்கிறது. தலைவர் ஒன்றுதான் சொன்னார்: "அடுத்ததை அவசரமாக எறியாதே, பட். பின்காலைத் தரையில் தட்டு, மூச்சை விடு, அப்புறம் எறி." பாதி நாள் பலிக்கிறது.

சரி, எல்லாம் தவறி 5-இல் மாட்டிக்கொண்டால்: ஒற்றை 1, பிறகு டபுள் 2. அதில் ஒற்றை 2 விழுந்தால் டபுள் 1. அங்கேயும் ஒற்றை 1 விழுந்தால் பஸ்ட். அந்த முறையின் தொடக்கத்தில் என்ன மிச்சமோ அதுவே திரும்ப எழுதப்படும். எதிராளி அதற்குள் முடித்திருப்பார். தோற்றவர்தான் அடுத்த ஆட்டத்துக்குக் கணக்குப் போட வேண்டும். சாக்பீஸ் கரும்பலகைக்குக் கீழே, இடப்பக்கம் இருக்கிறது.