வெங்காய மொட்டில் மியாசிஸ்: 8-ஆ, 16-ஆ?

மியாசிஸ், அதாவது குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் இரு கட்டச் செல் பிரிவு, புத்தகப் படத்தில் எல்லோருக்கும் புரிகிறது. நாமே ஸ்லைடு போட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும்போதுதான் குழப்பம். இளங்கலைத் தாவரவியல் படித்தபோது எனக்கு மூன்று வாரம் இதிலேயே போனது.

முதலில் மொட்டு. பூக்கொத்தை மூடியிருக்கும் மெல்லிய உறை அப்போதுதான் கிழிந்திருக்க வேண்டும். காலையில் பறித்து, உடனே, செல்களை அதே நிலையில் நிறுத்திவைக்கும் கார்னாய் கரைசலில் போடுங்கள்: எத்தனால் 3 பங்கு, கிளேசியல் அசிட்டிக் அமிலம் 1 பங்கு. அன்றன்றைக்குக் கலந்ததாக இருக்கட்டும். 24 மணி நேரம் கழித்து 70% எத்தனாலுக்கு மாற்றிவிடலாம்.

ஒரு மொட்டைப் பிரித்தால் ஆறு மகரந்தப்பைகள் இருக்கும். மஞ்சளாக இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். அதில் மகரந்தம் முற்றிவிட்டது. கண்ணாடி போல வெளிறியதுதான் வேண்டும். குரோமோசோமைச் சிவப்பாக்கும் சாயமான அசிட்டோகார்மின் ஒரு சொட்டில் வைத்து ஊசியால் கொத்தி, தோல் துணுக்குகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி எடுங்கள். தோல் கிடந்தால் கவர் ஸ்லிப் படியாது. ஊசி இரும்பாக இருப்பதே எனக்குப் பிடிக்கும். இரும்பு பட்டால் கார்மின் நிறம் நன்றாக ஏறும். ஸ்பிரிட் விளக்கில் லேசாகக் காட்டுங்கள், கொதிக்க விடாதீர்கள். பிறகு வடிதாளை மேலே வைத்து, கட்டைவிரலால் நேராக அழுத்துங்கள். கவர் ஸ்லிப் இம்மியும் நகரக் கூடாது.

நான் தடுக்கி விழுந்தது எண்ணிக்கையில். செல்லின் நடுவே 8 கருஞ்சிவப்புத் திட்டுகள். வெங்காயத்துக்கு 16 குரோமோசோம் ஆயிற்றே, அப்படியானால் பாதியாகிவிட்டது என்று ரெக்கார்டு நோட்டில் எழுதிவிட்டேன். தவறு. ஒவ்வொரு திட்டும் ஒரு ஜோடி: தந்தை வழி ஒன்று, தாய் வழி ஒன்று, கயாஸ்மா என்னும் இணைப்புப் புள்ளிகளால் பிணைந்து நிற்கின்றன. உற்றுப் பார்த்தால் சில வளையமாகவும் சில சிலுவையாகவும் தெரியும். எனவே அந்த நிலையில் செல்லுக்குள் இன்னும் 16 குரோமோசோம், 32 குரோமாட்டிட் (இரட்டித்த குரோமோசோம் ஒன்றுக்கு இரண்டு இழை) இருக்கின்றன. ஜோடி பிரிந்து, துருவத்துக்கு 8 ஆகப் போகும் முதல் அனாஃபேஸில்தான் எண்ணிக்கை குறைகிறது. இரண்டாம் பிரிவில் குரோமாட்டிட்டுகள் மட்டும் பிரியும். முடிவில் நான்கு செல்கள், ஒவ்வொன்றிலும் 8.

எந்தப் பிரிவைப் பார்க்கிறோம் என்று தெரிய ஒரு வழி: வெங்காயத்தில் முதல் பிரிவு முடிந்ததுமே நடுவில் சுவர் வந்துவிடும். ஒட்டிய இரண்டு அரைச் செல்களிலும் சின்னச் சின்னத் திட்டுகள் இருந்தால் அது இரண்டாம் பிரிவு.

எல்லா நிலைகளையும் ஒரே ஸ்லைடில் தேடாதீர்கள். ஒரு மகரந்தப்பையின் செல்கள் ஏறக்குறைய சேர்ந்தே நகரும். அடுத்த நிலை வேண்டுமா, சற்றுப் பெரிய மொட்டை எடுங்கள்.

பின்சேர்க்கை: வெங்காயப் பூ கிடைக்காமல், இலையின் அடிப்புறம் ஊதாவாக இருக்கும் ரியோ செடியில் முயன்ற ஒருவர் ஜோடியே தெரியவில்லை, சங்கிலி போல இருக்கிறது என்று கேட்டிருந்தார். அவர் ஸ்லைடில் பிழையில்லை. ரியோவில் குரோமோசோம் துண்டுகள் இடம் மாறியிருப்பதால் அதன் 12 குரோமோசோமும் வளையமாகவோ சங்கிலியாகவோ கோத்துக்கொள்ளும். முதல் முயற்சிக்கு அது வேண்டாம். சின்ன வெங்காயத்திலும் 16 தான். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 5 ரகம் நன்றாகப் பூக்கும், அதைத் தேடிப் பாருங்கள்.