துளை இடம் மாறிய கதை: என் அனுபவம்

பொறியியல் வரைபடப் பயிற்சிக் காலத்தில் நான் வரைந்த ஓர் இரும்புக் கட்டையின் இடப்பக்க முகத்தில் 12 மி.மீ. ஆழத்துக்கு மட்டும் துளை இருக்க வேண்டும். பட்டறையிலிருந்து வந்த கட்டையிலோ துளை வலப்பக்கத்தில் இருந்தது. கடைசல்காரரின் கவனக்குறைவு என்றே முதலில் எண்ணினேன், ஆனால் பிழை என் தாளில்தான் இருந்தது. இடப்பக்கத்திலிருந்து பார்க்கும் தோற்றத்தை முன் தோற்றத்துக்கு இடப்புறமாகவே வைத்திருந்தேன். ஒரு பொருளின் தோற்றங்களைத் தாளில் எங்கெங்கே வைப்பது என்பதற்கான முறைகளில், அது அமெரிக்காவில் வழங்கும் மூன்றாம் கோண முறை. இந்தியாவில் பெரிதும் பின்பற்றப்படும் முதற்கோண முறையில் இடப்பக்கத் தோற்றம் வலப்புறத்திலும், மேல் தோற்றம் முன் தோற்றத்துக்குக் கீழேயும் அமையும் என்பதால், அவர் அதை வலப்பக்கத் தோற்றமாகப் படித்தது முற்றிலும் சரியே.

தோற்றங்களை இடம் மாற்றி வரைந்து, தாளின் விவரங்களை எழுதும் தலைப்புக் கட்டத்தில் முதற்கோண முறைக்குரிய வெட்டுக்கூம்புக் (நுனி வெட்டிய கூம்பு) குறியீட்டைச் சேர்த்தேன். அதைவிட முக்கியமாக, சோம்பலால் வரையாமல் விட்டிருந்த புலப்படாக் கோடுகளை, அதாவது உள்ளே மறைந்திருக்கும் விளிம்புகளைக் காட்டும் கோடுகளை, முன் தோற்றத்தில் இடைவெளி விட்டு இழுத்த சிறு கோடுகளாக வரைந்தேன். அவை முதலிலேயே இருந்திருந்தால், குறியீடு இல்லாமலேகூடத் துளை எப்பக்கம் என்பது தெரிந்திருக்கும். அடுத்த கட்டை சரியாக வந்தது.