வரைபட விளையாட்டுக்கு முன் வளவைச் சுற்றி வாருங்கள்

செட்டெரா மாதிரி வரைபட விளையாட்டைப் பிள்ளையிடம் கொடுக்கும் முன், செட்டிநாட்டு வளவு வீட்டில் கடல் தாண்டி வந்த பொருட்களைத் தொட்டுக் காட்டுங்கள். முகப்புத் தேக்குத் தூண் பர்மா, தரையின் சலவைக்கல் இத்தாலி, நிலைக்கண்ணாடி பெல்ஜியம். அப்பத்தாவைக் கேட்டால், வீட்டு ஐயாக்கள் கொண்டுவிற்க (கடல் கடந்து வியாபாரம் செய்ய) போன மலேயாவும் வியட்நாமின் சைகோனும் சேர்ந்துவிடும். அப்புறம் விளையாட்டில் முதலில் இந்த நாடுகளை மட்டும் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

வெறுமனே விளையாடும் பிள்ளை குத்துமதிப்பாகத் தட்டித் தட்டி மதிப்பெண் எடுத்துவிடும், மறுநாள் மறந்துவிடும். ஒரு நாடு மனத்தில் ஊன்றிவிட்டால் அண்டை நாடுகள் தாமாக ஒட்டிக்கொள்ளும். மியான்மர் ஒன்று தெரிந்தாலே அதை ஒட்டிய இந்தியா, வங்கதேசம், சீனா, லாவோஸ், தாய்லாந்து என 5 நாடுகளுக்கும் இடம் தெரிந்துவிடும். தாய்லாந்தின் வாலைப் பிடித்துக் கீழே இறங்கினால் மலேசியா.

பெரியவர்கள் சொல்லும் பெயர்கள் விளையாட்டில் இருக்காது. பர்மா 1989 முதல் மியான்மர், சிலோன் 1972 முதல் இலங்கை, சைகோன் 1976 முதல் ஹோ சி மின் நகரம். இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பிள்ளை தேடித் தேடிச் சலித்துவிடும்.

ஆப்பிரிக்காவுக்கும் தென் அமெரிக்காவுக்கும் இந்த வழி உதவாது. அங்கே பிள்ளைக்குப் பிடித்த விலங்கு, கால்பந்து அணி என்று வேறு பிடி தேட வேண்டும். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாத சின்னப் பிள்ளைகளுக்கு இப்போது வேண்டாம்.