ரெஸ்யூமில் 'பாஸ்ட் அவுட்' எழுதலாமா?

வெளிநாட்டு வேலைக்காக என்னிடம் திருத்த வரும் ரெஸ்யூம்களில் நான் முதலில் அடிப்பது ஒரே வரியைத்தான்: "ஐ பாஸ்ட் அவுட் இன் 2021." உள்ளூரில் இதை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். "2024 பாஸ் அவுட் மட்டும்" என்று கம்பெனிகளே விளம்பரம் போடுகின்றன. ஆனால் அமெரிக்காவில் அதைப் படிப்பவருக்கு, நீங்கள் 2021-இல் மயங்கி விழுந்ததாகத்தான் முதலில் தோன்றும்.

எந்த இடத்தில் எந்த அர்த்தம் என்று எப்படிப் பிடிப்பது? எதை என்று கேட்டுப் பாருங்கள். "பாஸ் அவுட் த கொஸ்டின் பேப்பர்ஸ்": எதை? வினாத்தாளை. பதில் கிடைத்தால், எல்லோருக்கும் கொடு என்ற நேர் அர்த்தம். வினாத்தாளை 'தெம்' ஆக்கினால் அது நடுவில்தான் உட்காரும்: "பாஸ் தெம் அவுட்."

பதில் இல்லையென்றால் பெரும்பாலும் மயக்கம். "ஷி பாஸ்ட் அவுட் இன் த ஹீட்": வெயிலில் மயங்கிவிட்டாள். பேச்சில் இது இன்னும் கொஞ்சம் இறங்கும். குடித்து மட்டையானவனுக்கும் இதே சொல்தான், நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து சோபாவிலேயே அடித்துப்போட்ட மாதிரி தூங்குகிறவனுக்கும் இதே சொல்தான். "ஹி பாஸ்ட் அவுட் ஆன் த கவுச்" என்று காதில் விழுந்தால் உடனே குடிகாரன் என்று முடிவு கட்டாதீர்கள்.

குடி விஷயத்தில் 'பிளாக் அவுட்' வேறு. அந்த ஆள் ஆடிப்பாடி, தானே நடந்து வீடு வந்து சேர்ந்திருப்பார்; காலையில் ஒன்றும் நினைவிருக்காது. 'பாஸ் அவே' என்று வாய் தவறினாலோ, மயங்கிய தாத்தாவைச் சாகடித்துவிடுவீர்கள்.

படிப்பு, பயிற்சி முடித்ததற்கு இந்தச் சொல் முறையாக வரும் இடமும் உண்டு: ராணுவம், போலீஸ். சென்னை பரங்கிமலை ஆபீசர்ஸ் டிரெய்னிங் அகாடமியில் நடப்பது பாஸிங் அவுட் பரேட்தான். பிரிட்டனிலும் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவ அகாடமியில் பயிற்சி முடித்தவரை அப்படித்தான் சொல்வார்கள்.

கல்லூரிக்கு "ஐ கிராஜுவேட்டட் இன் 2021" போதும். கல்லூரிப் பெயர் சேர்த்தால் முன்னால் 'ஃப்ரம்' போடுங்கள். கடைசி வருடத்தில் இருப்பவர்கள் "எக்ஸ்பெக்டட்" என்று போட்டு மாதமும் வருடமும் எழுதினால் சரி. அப்புறம் லிங்க்ட்இன்னிலும் மாற்றிவிடுங்கள். ரெஸ்யூமைத் திருத்திக்கொண்டு போகிற பலர் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.