மூணு ஊர், ஒரே பிபிஎக்ஸ் (அலுவலக டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்): ஒருபக்கக் குரலைச் சரிசெய்த விதம்

கோவையில் ஆஸ்டரிஸ்க் என்ற பிபிஎக்ஸ் மென்பொருள் ஓடும் சர்வர், திருப்பூர், ஈரோடு கிளைகளில் இணையம் வழியே பேசும் ஐபி போன்கள். மணி அடிக்கும், எடுத்தால் ஒருபக்கம் மட்டும் கேட்கும். சில நிமிடம் சும்மா கிடந்த போனுக்கு அழைப்பே வராது.

முதல் கோளாறுக்குக் காரணம் ரவுட்டரில் உள்ள சிப் ஏஎல்ஜி (SIP ALG). சிப் என்பது அழைப்புகளை இணைக்கும் நெறிமுறை, ஏஎல்ஜி அதன் பாக்கெட்டுகளில் கைவைக்கும் ரவுட்டர் வசதி. உதவி செய்கிறேன் பேர்வழி என்று பாக்கெட்டுக்குள் இருக்கும் ஐபி முகவரியைத் திருத்தி, குரலை எங்கோ அனுப்பிவிடும். கிளை ரவுட்டர்களில் அதை அணைத்து ரீஸ்டார்ட் செய்தோம். சர்வரில் வெளி ஐபி, உள் நெட்வொர்க் இரண்டையும் எழுதி, குரல் பாக்கெட்டுகள் போகும் யூடிபி (UDP) முறையில் 10000–20000 போர்ட்டுகளைத் திறந்தோம். ஆனால் சிப்புக்கான 5060 போர்ட்டை ஊருக்கெல்லாம் திறக்காதீர்கள். கிளைகளின் ஸ்டாட்டிக் (மாறாத) ஐபிக்கு மட்டும் திறந்தால் போதும். இல்லாவிட்டால் யாராவது உள்ளே புகுந்து உங்கள் லைனில் பேசி, ஒரே ராத்திரியில் வெளிநாட்டு அழைப்பு பில் எகிறும்.

இரண்டாவது, பல ரவுட்டர்கள் யூடிபி இணைப்பை 30 விநாடியில் மறந்துவிடும். இணைப்பு மறக்காமலிருக்க போன் அவ்வப்போது அனுப்பும் சிறு பாக்கெட்டான கீப்-அலைவை 20 விநாடியாக வைத்ததும் சரியானது.

ஜி.711 என்ற குரல் குறியீட்டு முறையில் ஓர் அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் சுமார் 87 கேபிபிஎஸ் ஆகும். எட்டு அழைப்புக்கு 700. பிராட்பேண்டுக்கு இது ஒன்றுமே இல்லை. ஆனால் யாராவது பெரிய ஃபைல் அப்லோட் செய்தால் குரல் வெட்டும். குரல் பாக்கெட்டுக்கு டிஎஸ்சிபி 46 என்ற முன்னுரிமைக் குறியைக் கொடுத்து, ரவுட்டரில் அப்லோடை லைன் வேகத்தில் 90 சதவீதமாகக் கட்டுப்படுத்துங்கள்.

எக்ஸ்டென்ஷன் (உள் அழைப்பு) எண்களை ஊர்வாரியாக 200, 300, 400 வரிசையில் முதலிலேயே பிரித்துவிடுங்கள். நெட்வொர்க் கேபிள் வழியே போனுக்கு மின்சாரம் தரும் பிஓஇ ஸ்விட்ச்சை யூபிஎஸ்ஸில் போடுபவர்கள் ஃபைபர் மோடத்தை மறந்துவிடுவார்கள். கரண்ட் போனால் போனில் விளக்கு எரியும், லைன் இருக்காது.