நோயாளியைத் தூக்கும்போது அக்குளில் கை வைக்காதீர்கள்

வார்டு வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். நோயாளியைத் தூக்கும்போதும் புரட்டும்போதும் நாங்கள் பயிற்சிக் காலத்தில் செய்த அதே தவறுகளை அப்படியே செய்கிறார்கள். கட்டிலுக்குப் பிரேக் போடுவது, முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்குவது எல்லாம் முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன். வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

அக்குளைப் பிடித்துத் தூக்குவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். பக்கவாதம் வந்தவரை எழுப்ப ஆளுக்கொரு பக்கம் நின்று, அக்குளுக்குள் கையை விட்டு, 'ம்ம், தூக்கு' என்று ஒரே இழுப்பு!

இடுப்பு மூட்டைப் போல தோள் மூட்டு ஆழமான குழியில் உட்கார்ந்திருப்பதில்லை. சுற்றியுள்ள தசைகள்தான் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. ஸ்ட்ரோக் வந்து தசை துவண்டால் கையின் கனமே மூட்டைக் கீழே இறக்கிவிடும். தோளின் உச்சி எலும்புக்குக் கீழே தடவிப் பாருங்கள், சிலருக்கு விரல் பதியும் அளவுக்குப் பள்ளம் இருக்கும். அந்தத் தோளைப் பிடித்தா முழு உடம்பையும் தூக்குவது?

குடியாத்தம் பக்கத்து நெசவாளர் ஒருவர், வலப்பக்கம் செயலிழந்து வந்தார். கால் மெல்லத் தேறியது. மகனும் வார்டில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவரும் காலை மாலை அக்குளைப் பிடித்தே உட்காரவைத்தார்கள். கொஞ்ச நாளில் அவர் தோளைத் தொடவே விடவில்லை. சட்டைக் கையை மாட்டும்போது அலறுவார். பிசியோ வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். பயிற்சி செய்தாக வேண்டிய வாரங்கள் வலியிலேயே போயின. மகனைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.

அதுவும் வேலூரில் இப்படி நடக்கலாமா? 1954-ல் விபத்தில் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், வீல்சேரில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்த ஊர் இது. பாகாயத்தில் 1966-லேயே மறுவாழ்வு மையம் வந்துவிட்டது. ஒரு கையைக் காப்பாற்ற எவ்வளவு பாடுபட வேண்டும் என்று இந்த ஊருக்குத் தெரியும்.

சரி, எப்படிச் செய்வது? வீல்சேரை அவருக்குப் பலமுள்ள பக்கத்தில், கட்டிலுக்குச் சற்றுச் சாய்வாகப் போட்டு பிரேக்கை இறுக்குங்கள். கால் பலகையை விலக்குங்கள். அவரைக் கட்டில் விளிம்புக்கு நகர்த்தி, இரண்டு பாதமும் தரையில் பதிய, முழங்காலைவிடக் கொஞ்சம் பின்னால், கட்டில் பக்கம் தள்ளி வையுங்கள். துவண்ட கை அவர் மடியில் இருக்கட்டும். இடுப்பு பெல்ட் இருந்தால் அதைப் பிடியுங்கள், இல்லையென்றால் இடுப்புக்குப் பின்னால் இரண்டு கையையும் கொடுங்கள். அவருடைய பலவீனமான முழங்காலுக்கு உங்கள் முழங்காலை முட்டுக் கொடுங்கள். அப்புறம் மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் குனியச் சொல்லுங்கள். குனியக் குனியப் பின்பக்கம் தானாக மேலெழும். அந்த நேரத்தில் இடுப்பைத் திருப்பி, மெதுவாக உட்காரவையுங்கள். உங்கள் கழுத்தைக் கட்டிக்கொள்ள விடாதீர்கள். காலில் துளியும் பலம் இல்லாதவரை ஒற்றை ஆளாகத் தூக்கவே கூடாது.

புரட்டும்போதும் இதே கவனம் வேண்டும். துவண்ட கையை முதலில் வயிற்றின்மேல் எடுத்து வைத்துவிட்டுப் புரட்டுங்கள். மறந்தால் கை உடம்புக்கு அடியில் மாட்டிக்கொள்ளும்.

கட்டிலில் கீழே சறுக்கியவரை மேலே இழுப்பது

வேலூரில் மே மாத வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ரெக்சின் மெத்தையில் முதுகு வேர்த்துத் தோல் விரிப்போடு ஒட்டியிருக்கும். அப்படியே இழுத்தால் தோல் நின்றுவிடும், உள்ளே எலும்பு மட்டும் நகரும். முதுகின் அடியில் படுக்கைப்புண் வர இதுவும் ஒரு காரணம். பழைய பருத்திப் புடவையை நான்காக மடித்துத் தோளிலிருந்து தொடைவரை விரித்து வையுங்கள். கட்டிலின் தலைப்பக்கத்தைச் சமமாக இறக்கிவிட்டு, இருவர் இரு பக்கமும் புடவையைப் பிடித்து நகர்த்துங்கள். நகர்த்தியதும் சுருக்கத்தை நீவிவிடுங்கள். சாப்பாட்டு நேரம் தவிர, மருத்துவர் வேறு மாதிரி சொல்லாதவரை, தலைப்பக்கத்தை 30 டிகிரிக்கு மேல் உயர்த்தாமல் இருந்தால் சறுக்கலே குறையும்.

குதிகாலுக்குத் தண்ணீர் நிரப்பிய கையுறை

புண் வராமலிருக்கக் குதிகாலுக்கு அடியில் இதை வைப்பார்கள். வேண்டாம். கெண்டைக்கால் நீளத்துக்குத் தலையணை கொடுத்தால் குதிகால் எதிலும் படாமல் நிற்கும்.

படுத்த அழுத்தத்தில் சிவந்த இடத்தை எண்ணெய் போட்டுத் தேய்ப்பது

கூடவே கூடாது.

சொல்லாமல் புரட்டுவது

இங்கே வங்காளத்திலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். நாம் 'ஒண்ணு, ரெண்டு, மூணு' என்று எண்ணினால் அவருக்கு ஒன்றும் புரியாது, பயத்தில் கம்பியைப் பிடித்துக்கொள்வார். தெலுங்கில் 'ஒகட்டி, ரெண்டு, மூடு', வங்காளிக்கு 'ஏக், துயி, தீன்', இவ்வளவு தெரிந்தால் போதும். மூன்று சொல்லும்போது நகர்த்துவோமா, சொல்லி முடித்த பிறகா என்பதையும் எதிர்ப்பக்கம் நிற்பவரோடு முன்பே பேசிக்கொள்ளுங்கள்.