கட்டி முடியாத கப்பலுக்கு டிக்கெட் போடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன வாரம் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் என் டிராவல்ஸ் ஆபீசுக்கு ஒரு தம்பி வந்தான். சொந்த ஊர் தென்காசிப் பக்கம், வேலை பெங்களூரில். உட்கார்ந்ததும் போனை நீட்டி ஒரு படத்தைக் காட்டினான். ஐரோப்பாவில் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிற ஒரு சொகுசுக் கப்பல். மேல்தளத்தில் நீச்சல்குளம், சறுக்கு, அந்தி வெயில், மொத்தத்துக்கும் பத்தே பத்துப் பேர்.

"அண்ணாச்சி, மொதப் பயணத்துக்கே கேபின் போட்டுட்டேன். ஃபிளைட்டும் போட்டாச்சு, சீப்பா கெடச்சுது. நீங்க விசா மட்டும் பாத்துக் குடுங்க."

"ஃபிளைட் டிக்கெட் ரீஃபண்ட் உள்ளதா?"

"இல்லண்ணாச்சி. அது பதினாலாயிரம் கூட."

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இதே கணக்கை இதே மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நானே ஒருவருக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அதைக் கீழே சொல்கிறேன். பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் பாக்கி இருக்கவேண்டும், கப்பல் கிளம்புவதற்கு முந்தைய நாளே ஊருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். அதை விட்டுவிடுகிறேன்.

நான் எட்டு வருஷம் கப்பலில் கேபின் ஸ்டூவர்டாக இருந்தவன். அதில் ஒரு தடவை, புதுக் கப்பலை அது கட்டப்பட்ட யார்டிலிருந்து எடுத்துவருகிற சிப்பந்திகளில் ஒருவனாகப் போனேன். பயணிகளுக்குப் படத்தில் தெரிகிற கப்பலை நான் உள்ளே, உடம்போடு பார்த்தவன்.

படத்தைக் கப்பல் என்று நினைப்பது

கட்டுமானத்தில் இருக்கும் கப்பலுக்கு போட்டோ கிடையாது, வரைபடம்தான் உண்டு. வரைகிறவர் கூட்டத்தை வரைய மாட்டார். பால்கனிக்கு முன்னால் தொங்குகிற உயிர்காப்புப் படகையும் வரைய மாட்டார். உங்கள் கேபினுக்கு நேர் மேலே நீச்சல்குளத் தளமா, இரவு ஒரு மணி வரை பாட்டுப் போடுகிற இடமா என்பது தளம் தளமாக வரைந்த டெக் பிளானில்தான் தெரியும். அந்தப் பிளானும் கப்பல் முடிவதற்குள் மாறும்.

ஒரு வழி இருக்கிறது. கப்பல்களிலும் அக்கா, தங்கை உண்டு. ஒரே அச்சில் அடுத்தடுத்துக் கட்டுவார்கள். பின்லாந்தின் துர்க்கு நகரில் மேயர் யார்டு கட்டிய 'ஐகான் ஆஃப் தி சீஸ்' 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து கிளம்பியது. அதன் தங்கை 'ஸ்டார் ஆஃப் தி சீஸ்' 2025 ஆகஸ்ட்டில் ஓட ஆரம்பித்தது. தங்கைக்கு டிக்கெட் போட்டவர்கள், அக்காவில் போய் வந்தவர்கள் எடுத்த வீடியோவைப் பார்த்தே கேபினைத் தேர்ந்தெடுத்திருக்கலாம். அக்கா இல்லாத கப்பல் என்றால் நீங்கள்தான் பரிசோதனை எலி.

முதல் பயணத்தில் எல்லாம் பளபளவென்று இருக்கும் என்று நம்புவது

நம் ஊரில் முகூர்த்தம் தப்பக்கூடாது என்று பால் காய்ச்சிவிடுவோம். ஹாலில் ஐயர் ஹோமம் வளர்க்கும்போது பின்கட்டில் பெயின்டர் ஏணியில் நிற்பான். கப்பலின் முதல் பயணமும் அப்படித்தான். யார்டு ஆட்கள் பலர் இறங்காமல் கூடவே வருவார்கள்.

நான் போன கப்பலில், ஒப்படைப்புக்கு மூன்று வாரம் இருக்கும்போது, நடைபாதைக் கூரை முழுக்கத் திறந்து கிடந்தது. இடியாப்பம் பிழிந்த மாதிரி வயர்கள் தொங்கின. கேபின்கள் தொழிற்சாலையிலேயே பெட்டி பெட்டியாகத் தயாராகி, கப்பலுக்குள் செருகப்பட்டு வருபவை. அதனால் உள்ளே கட்டில், கண்ணாடி, குளியலறை எல்லாம் தயார். வெளியே கால் வைக்க இடமில்லை. கண்ணாடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை நகத்தால் கீறிக் கீறி உரித்ததில் என் கட்டைவிரல் நகம் பிய்ந்தது. முதல் பயணத்தின் மூன்றாம் நாள், ஒரு வரிசைக் கேபின்கள் முழுக்கக் கழிவறை இழுக்கவில்லை. கப்பலில் காற்றால் உறிஞ்சுகிற கழிவறை, எங்கோ ஓரிடத்தில் அடைத்தாலும் வரிசையே நின்றுவிடும். குழாயைத் திறந்தால், யாரோ தச்சர் விட்டுப்போன துணிச்சுருள். அதுவரை பயணிகள் திட்டியது என்னைத்தான்.

குறை சொல்லவில்லை. புது வீடு என்றால் சுவிட்ச் ஒன்றிரண்டு வேலை செய்யாது. அதைத் தெரிந்துகொண்டு போகிறவர்களுக்கு முதல் பயணம் நல்ல வேடிக்கை.

கப்பல் தேதியில் மற்றதையெல்லாம் கட்டிப்போடுவது

இதுதான் என்னை இன்னும் எரிச்சல்படுத்துகிற தவறு. செய்தவன் நான் என்பதால் எரிச்சல் இரட்டிப்பு.

கப்பல் வேலையை விட்டு வந்து கடை போட்ட இரண்டாம் வருஷம். பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், நாங்கள் சார்வாள் என்போம். அவருக்கு அறுபதாம் கல்யாணம் திருக்கடையூரில் முடிந்தது. பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து அப்பா அம்மாவைக் கப்பலில் கூட்டிப்போக முடிவு செய்தார்கள். மொத்தம் ஒன்பது பேர். புதுக் கப்பல், முதல் மாதம். நான் பெருமையாக எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்தேன். சென்னையிலிருந்து போகவர விமான டிக்கெட் தலைக்கு 58,000. ரீஃபண்ட் கிடையாது என்ற டிக்கெட்டைத்தான் நான் எடுத்தேன், விலை குறைவு என்று. ஓட்டல் இரண்டு இரவு, அதுவும் பணம் திரும்பாத விலையில். விசா, இன்சூரன்ஸ், எல்லாம் அந்தத் தேதிக்கு.

கிளம்ப ஏழு வாரம் இருக்கும்போது ஈமெயில் வந்தது. இறுதிக்கட்ட வேலைகள் பாக்கி இருப்பதால் கப்பல் இரண்டு மாதம் தள்ளிப் புறப்படும். கப்பல் கட்டணம் முழுவதும் திரும்ப வரும், அடுத்த பயணத்துக்குத் தள்ளுபடியும் உண்டு. கப்பல்காரன் தன் கணக்கை ஒழுங்காகத்தான் முடித்தான். விமான டிக்கெட் அவன் விற்றதல்ல, அதனால் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

ஒன்பது டிக்கெட் 5,22,000. வரி என்ற பெயரில் திரும்ப வந்தது 63,000. ஓட்டலில் போனது 66,000. விசாக் கட்டணம் தனி. மருமகள் ஒருத்தி வருஷ லீவு முழுவதையும் அந்த வாரத்தில் வைத்திருந்தாள். தேதி தள்ளியதும் பிள்ளைகளுக்குப் பரீட்சை வந்துவிட்டது, ஆக மாற்றுத் தேதியும் உதவவில்லை. சார்வாள் ஈமெயில் பிரிண்டை இரண்டு தடவை வாசித்தார். நாலாக மடித்துச் சட்டைப்பையில் பேனாவோடு சேர்த்து வைத்துக்கொண்டு, "சரிப்பா, காப்பி சாப்பிட்டியா?" என்று கேட்டார். திட்டியிருக்கலாம். என் பங்குக்கு இரண்டு லட்சத்தை ஒரு வருஷத்தில் தவணை தவணையாகக் கொடுத்தேன்.

நான் தெரியாதவனில்லை. கூரையில் வயர் தொங்கியதைக் கண்ணால் பார்த்தவன். இருந்தும் கம்பெனி அச்சடித்த தேதியை வேதமாக எடுத்துக்கொண்டேன். கொத்தனார் சொன்ன தேதியை நம்பி யாராவது வாடகை வீட்டைக் காலி செய்வார்களா?

ஏன் தள்ளிப்போகிறது என்றால், வெளியே தெரிகிற வேலை வேறு, நேரத்தைத் தின்கிற வேலை வேறு. தகடு வெட்டுவார்கள். கப்பலின் முதுகெலும்பான ஏராவை வைத்து, அதன் அடியில் காசு வைப்பார்கள், நாம் வாசக்கால் வைக்கும்போது காசு போடுவதைப் போல. பிறகு பிளாக் பிளாக்காகத் தூக்கி வைத்துப் பற்றவைத்து, ஒருநாள் தண்ணீர் விட்டு மிதக்க விடுவார்கள். இதற்கெல்லாம் வீடியோ வரும். பார்க்கிறவருக்குக் கப்பல் முடிந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் உள்வேலையில் பெரும்பகுதி அதற்கப்புறம்தான். கணக்கற்ற வயர், குழாய், சமையல்கூடம், தீயணைப்பு, ஆயிரக்கணக்கான கதவு. இதில் ஒரு ஒப்பந்ததாரர் பிந்தினால், பின்னால் நிற்கிற நாலு பேர் பிந்துவார்கள்.

ஊர் அறிந்த கதைகளே போதும். நாகசாகியில் மிட்சுபிஷி கட்டிய 'ஐடாபிரிமா' 2016 ஜனவரி ஒரே மாதத்தில் மூன்று முறை தீப்பிடித்தது. ஏறக்குறைய ஒரு வருஷம் பிந்தி அந்த மார்ச்சில்தான் கைமாறியது. 'மார்டி கிரா' 2020 ஆகஸ்ட்டில் ஓட வேண்டியது. கொரோனா வருவதற்கு முன்பே நவம்பருக்குத் தள்ளினார்கள். பிறகு கொரோனாவும் வந்து, 2021 ஜூலையில்தான் பயணிகளை ஏற்றியது. ஸ்பெயினின் வீகோவில் கட்டிய 'எவ்ரிமா' 2020 பிப்ரவரிக்கு என்று விற்கப்பட்டது, கிளம்பியது 2022 அக்டோபரில். நம் ஆட்கள் அதிகம் விசாரிக்கிற சிங்கப்பூர்க் கப்பல் 'டிஸ்னி அட்வென்ச்சர்' கதை இன்னும் நீளம். ஜெர்மனியின் விஸ்மாரில் 'குளோபல் ட்ரீம்' என்ற பெயரில் பாதி கட்டியிருந்தபோது, 2022 ஜனவரியில் யார்டே திவாலானது. அந்த வருஷமே டிஸ்னி அதை வாங்கியது. 2025 டிசம்பர் 15 முதல் பயணம் என்று அறிவித்து, பின்பு 2026 மார்ச் 10-க்குத் தள்ளினார்கள். டிசம்பர் லீவுக்கும் மார்ச் பரீட்சைக்கும் உள்ள தூரம் பிள்ளை வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும்.

நெல்லையப்பர் தேர் எத்தனை மணிக்கு நிலைக்கு வரும் என்று வடம் பிடிக்கிறவரிடம் கேட்டுப்பாருங்கள். ஆனித் திருவிழா முடிந்து ஊருக்கு ரயில் பிடிக்கிறவர்கள் அதற்குத் தக்கபடிதான் டிக்கெட் போடுவார்கள். அந்தப் புத்தி கப்பலுக்கு மட்டும் வராமல் போகிறது.

ஆகவே செய்யவேண்டியது இது. கேபினுக்கு டெபாசிட் கட்டுங்கள், அதில் பயமில்லை. கட்டும் முன் டிக்கெட் ஒப்பந்தத்தைப் படியுங்கள். தேதியையும் துறைமுகத்தையும், ஏன் கப்பலையேகூட மாற்றக் கம்பெனிக்கு உரிமை உண்டு என்று அதில் எழுதியிருப்பார்கள். விமானமும் ஓட்டலும் ரீஃபண்ட் உள்ளதாகவோ, தேதி மாற்றக்கூடியதாகவோ மட்டும் எடுங்கள். அந்தப் பதினாலாயிரம்தான் நீங்கள் வாங்குகிற உண்மையான இன்சூரன்ஸ். பாலிசி என்று ஒன்று வாங்குவீர்களே, அதில் பயணம் ரத்தானால் பணம் தருகிற காரணங்களைப் படித்துப் பாருங்கள். 'கப்பல் கட்டி முடியவில்லை' என்ற காரணம் என் கண்ணில் பட்டதேயில்லை. தூத்துக்குடி வாகைகுளம் விமான நிலையத்திலிருந்து சென்னைக்குத் தனி டிக்கெட் போட்டிருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள்.

ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதத்துக்கு முன்னால் மனுப் போட முடியாது. அது உங்களுக்கு நல்லது. அதற்குள் கப்பலின் கடல் சோதனை ஓட்டம் நடந்ததா என்று தெரிந்துவிடலாம். சோதனை ஓட்டம் முடிந்து, யார்டு கப்பலைக் கம்பெனியிடம் ஒப்படைத்த செய்தி வந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். என்னைக் கேட்டால், கல்யாண நாள், அறுபதாம் கல்யாணம், பரீட்சை லீவு என்று மாற்ற முடியாத தேதி உள்ளவர்கள் முதல் நாலு மாதத்தின் பக்கமே போகக்கூடாது.

தென்காசித் தம்பியை விமானக் கம்பெனிக்குப் போன் போடவைத்தேன். இன்னும் பணம் கட்டினால் தேதி மாற்றும் டிக்கெட்டாக ஆக்கித் தருகிறோம் என்றார்கள். முகம் சுருங்கியது. கட்டிவிட்டான்.

"5,610 பேர்தானே" என்பது

'ஐகான் ஆஃப் தி சீஸ்' கப்பலுக்குச் சொல்கிற பயணிகள் எண்ணிக்கை இது. கேபினுக்கு இரண்டு பேர் என்று போட்ட கணக்கு. அதே ஐகானில் முழுக்க நிரம்பினால் 7,600 பேர். லீவுக் காலத்தில் நிரம்பும்.

டன் கணக்கைப் பார்த்து மலைப்பது

கப்பல் எவ்வளவு பெரியது என்று சொல்ல விளம்பரத்தில் போடுகிற டன், எடை அல்ல, உள்ளிட அளவு.

கியாரண்டி கேபின்

எந்த அறை என்று சொல்லாமல் விலை குறைத்து விற்பார்கள். ஓடிப் பழகிய கப்பலில் எடுக்கலாம். புதுக் கப்பலில் வேண்டாம்.

'புதுக் கப்பல்' என்றால் புதிதாகக் கட்டியது என்று நினைப்பது

நம் கரைக்குப் புதுசு என்பது வேறு. 2011-ல் தூத்துக்குடி–கொழும்பு ஓடிய 'ஸ்கோஷியா பிரின்ஸ்' 1972-ல் கட்டியது. ஜூனில் ஆரம்பித்து நவம்பரில் நின்றது. 2021 முதல் இந்தியாவிலிருந்து ஓடுகிற 'எம்பிரஸ்' 1990-ம் வருஷத்துக் கப்பல். பழசு என்பதால் குறைவில்லை. அதில் குழாய் எங்கே அடைக்கும் என்று சிப்பந்திகளுக்குத் தெரியும். ஆனால் விளம்பரத்தில் புதுசு என்று பார்த்து, மேலே சொன்ன சறுக்குப் படத்தை மனசில் வைத்துக்கொண்டு ஏறினால் தப்பு உங்கள்மேல்.

எலெக்ட்ரிக் கெட்டில்

கொண்டுபோகாதீர்கள். சூடேறுகிற எதுவும் தீ அபாயம் என்று ஏறும்போதே எடுத்து வைத்துக்கொண்டு, இறங்கும்போதுதான் தருவார்கள். உடன்குடி ஆச்சி ஒருத்திக்கு இதை ஏற்கனவே சொல்லியும் கேட்கவில்லை, சேலைக்கு நடுவே சுருட்டி வைத்துக் கொண்டுபோனாள். ஸ்கேனரில் மாட்டியது. கருப்பட்டியும் சுக்குக் காப்பிப் பொடியும் மட்டும் தப்பின. தினம் காலை ஐந்தரைக்குப் பஃபே ஹாலில் வெந்நீர்க் குழாயடியில் போய்த் தம்ளரோடு நின்றிருக்கிறாள். மூன்றாம் நாள், அங்கே வேலை பார்த்த கோவாக்காரப் பையன் அவள் வருவதற்குள் தம்ளரைக் கழுவி வெந்நீர் பிடித்து வைத்துவிட்டு, தனக்கும் ஒன்று கேட்டானாம்.